வேலி போட்ட பிறகு வரும் கவலை

சிங்கப்பூரின் டோபி காட் வட்டாரத்தில் புதிய குடியிருப்புத் திட்டம் ஒன்று அக்கம்பக்கத்தாரைக் கவலைக்குள்ளாக்கியது என்றால், அதற்கு முதல் எடுத்துக்காட்டு சோஃபியா குன்று. பிளாசா சிங்கப்பூராவுக்கும் கேத்தே கட்டடத்துக்கும் பின்புறம் எழும் சிறு மேடு அது. ஹேண்டி சாலையிலிருந்து படிக்கட்டு ஏறியும் போகலாம், செலிகி சாலைப் பக்கமிருந்து சோஃபியா சாலை வழியாகவும் போகலாம். மேலே போனால் வளைந்து செல்லும் குறுகிய சாலைகள், முதிர்ந்த மரங்கள், அடுக்குமாடி வீடுகள். லிட்டில் இந்தியாவின் சந்தடியிலிருந்து பத்து நிமிட நடையில் இப்படி ஓர் இடமா என்று வியக்கத் தோன்றும். அந்த அமைதியை நம்பி வீடு வாங்கியவர்கள்தான், குன்றின் உச்சியில் இன்னும் நூற்றுக்கணக்கான வீடுகள் வரப்போகின்றன என்று அறிந்தபோது குரல் எழுப்பினார்கள்.

அந்த நிலத்துக்கு ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சமய ஊழியர் சோஃபியா பிளாக்மோர், ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளுடன் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தங்கள் மகள்களும் படிக்க வேண்டும் என்று தமிழ் வணிகர்கள் கேட்டுக்கொண்டதால் பிறந்த பள்ளி அது. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அதற்கு முதலில் பெயர். பின்னாளில் மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆனது. 1920களில் அது சோஃபியா குன்றுக்கு ஏறியது. 1928ல் எழுந்த ஓல்சன் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1992ல் பள்ளி பிளாக்மோர் டிரைவுக்கு இடம் மாறியது. பக்கத்தில் இருந்த டிரினிட்டி இறையியல் கல்லூரியும் 2001ல் அப்பர் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. அதே குன்றில் செல்வந்தர் யூ டோங் சென் கட்டிய மாளிகை 1980களின் தொடக்கத்திலேயே இடிக்கப்பட்டிருந்தது.

காலியான பள்ளி வளாகம் 2007 முதல் 'ஓல்ட் ஸ்கூல்' என்ற பெயரில் கலைஞர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. உள்ளூர்ப் படங்களைத் திரையிடும் சிறு அரங்கு, புகைப்படக் கலைக்கூடம், வடிவமைப்பு நிறுவனங்கள் என வகுப்பறைகளுக்கு மறுபடி உயிர் வந்தது. ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. அரசின் பெருந்திட்டத்தில் அந்த நிலம் குடியிருப்புக்கு என்று குறிக்கப்பட்டிருந்தது. 2012ல் கலைஞர்கள் வெளியேற வேண்டிய நாள் நெருங்கியபோது, குடியிருப்பாளர்களும் கலைஞர்களும் மரபுடைமை ஆர்வலர்களும் கட்டடங்களையும் மரங்களையும் விட்டுவைக்கக் கோரினார்கள். அதே ஆண்டில் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஹோய் ஹுப், சன்வே நிறுவனங்களின் கூட்டணிக்கு விற்கப்பட்டது. 'சோஃபியா ஹில்ஸ்' என்ற பெயரில் 493 தனியார் வீடுகள் எழுந்தன. ஓல்சன் கட்டடம், டிரினிட்டி கல்லூரியின் தேவாலயம் உள்ளிட்ட பழைய கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டுப் புதிய வளாகத்துக்குள் சேர்க்கப்பட்டன.

இதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. பழைய சுவர்கள் நிற்கின்றன. ஆனால் யார் வேண்டுமானாலும் ஏறிச்சென்று படம் பார்த்த, கண்காட்சி பார்த்த குன்றின் உச்சி, இன்று பெரும்பகுதி தனியார் குடியிருப்பின் எல்லைக்குள் இருக்கிறது. பொது மக்களுக்கு அங்கே இருந்த இடம் சுருங்கிவிட்டது. அந்த இழப்பைக் கணக்கில் எழுத அதிகாரிகளின் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

சிங்கப்பூரில் ஒரு நிலத்தில் என்ன வரும் என்பதைத் தீர்மானிக்கும் ஆவணம் பெருந்திட்டம். முதல் பெருந்திட்டம் 1958ல் நடைமுறைக்கு வந்தது. நகர மறுசீரமைப்பு ஆணையம் அதை ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபார்வை செய்கிறது. ஒவ்வொரு மனையும் குடியிருப்பா, வணிகமா, பள்ளியா, பூங்காவா என்பது அதில் வண்ணத்தால் குறிக்கப்பட்டிருக்கும். எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற எண்ணும் மனையின் மேலேயே அச்சாகியிருக்கும். 2.1 என்று இருந்தால், மனையின் பரப்பைப்போல் 2.1 மடங்கு தளப்பரப்பு எழும்பலாம் என்று பொருள். வீடுகளின் எண்ணிக்கையும் கட்டடத்தின் உயரமும் சாலையில் வந்து சேரும் கார்களும் பெருமளவு அந்த ஒற்றை எண்ணிலிருந்தே பிறக்கின்றன.

வரைவுப் பெருந்திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது யார் வேண்டுமானாலும் கருத்தோ ஆட்சேபமோ எழுதித் தரலாம். அப்போது எழுதுபவர்கள் சிலரே. அங்கே ஒரு பள்ளிக்கூடம் ஓடிக்கொண்டிருக்கிறது, மரங்கள் நிற்கின்றன, எதுவும் மாறப்போவதாகத் தெரிவதில்லை. ஆண்டுகள் போகின்றன. நிலம் அரசாங்க விற்பனைப் பட்டியலுக்கு வருகிறது. ஏலம் முடிந்து, மனையைச் சுற்றித் தகர வேலி எழுந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்தி எட்டுகிறது. வேலி போட்ட பிறகு 'கட்டலாமா' என்ற கேள்விக்கு இடமில்லை. 'எப்படிக் கட்டுவது' என்பதில் மட்டும் சிறிது இடம் மிஞ்சியிருக்கும். அக்கம்பக்கத்தாரின் மனக்குறை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விளைகிறது. இதில் அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. வண்ணம் தீட்டிய வரைபடத்தைப் பார்த்துத் தன் சன்னலுக்கு வெளியே எழப்போகும் சுவரைக் கற்பனை செய்வது சாதாரணக் குடும்பத்துக்கு எளிதான காரியம் இல்லை. மனையை ஒட்டியுள்ள புளோக்குகளின் மின்தூக்கி வாசலில் நாலு மொழியிலும் ஓர் அறிவிப்பு ஒட்டினால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கும் அது போய்ச் சேரும்.

ஹேண்டி சாலையில் நடந்தது சற்று வேறு. டோபி காட் நிலையத்துக்கு மிக அருகில், குன்றின் அடிவாரத்தில் இருந்த மனையை அரசு 2018ல் விற்றது. சிட்டி டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 212.2 மில்லியன் வெள்ளிக்கு வாங்கி, 'ஹவுஸ் ஆன் ஹேண்டி' என்ற 188 வீடுகள் கொண்ட குடியிருப்பைக் கட்டியது. மனையில் இருந்த பழைய பங்களா பாதுகாக்கப்பட்டது. 1987ல் வடக்கு தெற்குப் பாதை, 2003ல் வடகிழக்குப் பாதை, 2010ல் வட்டப் பாதை என மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் இடம் டோபி காட். நிலையத்தை ஒட்டி வீடுகளை அடர்த்தியாகக் கட்டினால் கார் இல்லாமல் வாழலாம் என்பது திட்டமிடுவோரின் வாதம். அது சரியான வாதமே. நகரின் ஓரத்தில் காட்டை அழித்துக் கட்டுவதைவிட நிலையத்தின் தலைமாட்டில் கட்டுவது மேல். ஆனால் அதே வாதத்தைச் செங்குத்தான குன்றின் உச்சிக்கும் அப்படியே நீட்டுவதில் சிக்கல் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டியவரும் முட்டுவலிக்காரரும் கார் வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். சாலையோ குறுகிய குன்றுச் சாலை.

அக்கம்பக்கத்தார் சொல்லும் கவலைகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. கட்டுமானத் தூசியும் இரைச்சலும் உண்மையான துன்பம். அதற்கு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் உள்ள கட்டுமானத் தளங்களில் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை வேலை செய்யக்கூடாது என்ற தேசிய சுற்றுப்புற வாரியத்தின் விதி 2011 செப்டம்பர் முதல் தொடங்கிய தளங்களுக்குப் பொருந்துகிறது. மரங்களுக்கும் ஓரளவு காப்பு உண்டு. மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி மனைகளிலும் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. அனுமதி கேட்டால் பல நேரம் கிடைத்துவிடும் என்பதும் உண்மை. சன்னல் வழியே தெரியும் காட்சி மறையும் என்ற கவலைக்குச் சட்டம் செவிசாய்ப்பதில்லை. அடர்ந்த நகரில் அது நியாயம்தான்.

எந்த வகையிலும் ஏற்க முடியாத ஒரு கவலை இருக்கிறது: பக்கத்தில் குடிவரப்போகிறவர்கள் யார் என்பது பற்றிய கவலை. 2008ல் சிராங்கூன் கார்டன்ஸ் பேட்டையில் பழைய தொழில்நுட்பப் பள்ளி ஒன்றை வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியாக்கும் யோசனை எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டார் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பாதுகாப்பு கெடும், வீட்டு விலை இறங்கும் என்றார்கள். அரசு பின்வாங்கவில்லை. விடுதி வந்தது. ஆனால் ஊழியர்கள் பேட்டைத் தெருக்களைத் தொடாமல் போய்வரத் தனிச் சாலை போடப்பட்டது. வீடுகளைக் கட்டுபவர்களும் சாலைகளைப் போடுபவர்களும் அந்த ஊழியர்கள்தான். அவர்களில் எத்தனையோ பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஊருக்குப் பணம் அனுப்பவும் சொந்தக்காரர்களைப் பார்க்கவும் வருபவர்கள். கட்டித் தரும் கை வேண்டும், அந்தக் கைக்குரியவர் பக்கத்துத் தெருவில் உறங்கக் கூடாது என்பதை அக்கம்பக்கத்தாரின் நியாயமான கவலை என்று பட்டியலில் சேர்க்கவே முடியாது. 2012ல் புக்கிட் தீமாவின் தோ யி பேட்டையில் முதியோருக்கான சிறு வீடுகள் வருவதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அங்கேயும் திட்டம் கைவிடப்படவில்லை.

இவற்றோடு டோவர் காட்டின் கதையை வைத்துப் பார்க்க வேண்டும். உலு பாண்டானில் 33 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காடு 2003லேயே குடியிருப்புக்குக் குறிக்கப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அங்கு நடத்திய சுற்றுச்சூழல் ஆய்வைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. ஆய்வைப் படித்தவர்கள் பறவைகளையும் ஓடையையும் சுட்டிக்காட்டினார்கள். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் மாற்று யோசனை எழுதிக் கொடுத்தது. கையெழுத்து இயக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டஃபர் டிசூசா விவகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். கருத்துக் கூறும் காலம் நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலையில் முடிவு வந்தது: கிழக்குப் பாதியில் வீடுகளும் ஒரு இயற்கைப் பூங்காவும், மேற்குப் பாதியை ஏறக்குறைய பத்தாண்டுக்குத் தொடாமல் விட்டுவைப்பது.

டோவரில் குரல் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது பாதிதான். ஆனால் சோஃபியா குன்றுக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று அவர்களிடம் இருந்தது. எந்த மரம், எந்த உயிரினம், எந்தப் பகுதி முக்கியம் என்று சொல்லும் ஆய்வு வேலி போடும் முன்பே அவர்கள் கைக்கு வந்தது. கவலை என்று பொதுவாகச் சொல்லாமல், இந்தப் பகுதியை விடுங்கள், அந்தப் பகுதியில் கட்டுங்கள் என்று சொல்ல முடிந்தது.

வீடு தேடுவோரின் பக்கமும் உண்டு. சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். தேவைக்கேற்பக் கட்டித் தரப்படும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்துச் சாவி வாங்க இளம் தம்பதிகள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். டோவரின் கிழக்குப் பாதியில் எழும் வீடுகள் அவர்களுக்கானவை. அங்கே 'வீடு வேண்டும்' என்ற வாதத்துக்கு முழு வலிமை உண்டு. சோஃபியா குன்றில் வந்தவை தனியார் சந்தையில் விற்கப்பட்ட வீடுகள். தமிழ்ச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய பள்ளி அறுபது ஆண்டுக்கும் மேலாக நின்ற நிலத்தைப் பொதுப் பயனிலிருந்து எடுத்துக் கொண்டோமினியத்துக்குக் கொடுக்கும்போது, வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவது அந்த அளவுக்கு எடுபடாது. அரசு நிலத்தில் கட்டப்படும் வீடு யாருக்கு என்பதும் அக்கம்பக்கத்தார் கேட்க உரிமையுள்ள கேள்விதான். புதிதாக வருபவர்மேல் உள்ள வெறுப்பிலிருந்து கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

கேட்கும் வழிகள் சில இருக்கின்றன. வரைவுப் பெருந்திட்டம் காட்சிக்கு இருக்கும் வாரங்களில் எழுதித் தரும் ஆட்சேபத்துக்கே சட்ட மதிப்பு அதிகம். கடைசியாக 2025 ஜூனில் ஒரு வரைவு வெளியிடப்பட்டது. அதைத் தவறவிட்டவர்கள் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகலாம். கட்டுமானம் தொடங்கிவிட்டால், கட்டட ஒப்பந்ததாரரோடு குடியிருப்பாளர் குழு நேரில் பேசி, லாரிகள் பள்ளி நேரத்தில் வராதபடி, நடைபாதை அடைபடாதபடி ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே முறையிடுவதைவிட, எந்தச் சந்திப்பில் எந்த நேரத்தில் நெரிசல் என்று குறித்து ஒரே மனுவாகத் தருவது பலனளிக்கும்.

சோஃபியா குன்றைச் சுற்றி இப்போது அடுத்த சுற்று தொடங்கியிருக்கிறது. செலிகி சாலையோரத்தில் 1970களில் எழுந்த பீஸ் சென்டர் 2021ல் 650 மில்லியன் வெள்ளிக்குக் கூட்டு விற்பனையாகி, பின்னர் இடிக்கப்பட்டது. அச்சுக்கடைகளும் சிறு வியாபாரங்களும் இருந்த அந்த மனையில் வீடுகளும் கடைகளும் சேர்ந்த கட்டடம் வருகிறது. குன்றின் மேலிருந்து சோஃபியா சாலை வழியாக இறங்கும் வாகனங்கள் செலிகி சாலையைத் தொடும் முனையில்தான் அந்த மனை இருக்கிறது. அந்தச் சந்திப்பின் நெரிசலை அளந்து வைக்க வேண்டிய காலம் இது, கட்டடம் திறந்து குடும்பங்கள் குடியேறிய பிறகு அல்ல.