பூட்டிக் கிடக்கும் தேவாலயம் செய்த தப்பு என்ன?

"ஆளே வராத தேவாலயத்துக்கு எதுக்குங்க கூரை? வித்துட்டு வீடு கட்டினா நாலு குடும்பமாவது இருக்குமே!"

இங்கிலாந்துக் கிராமங்களில் ஆராதனை நின்றுபோன ஆங்கிலிக்கன் தேவாலயங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் தங்களை யதார்த்தவாதிகள் என்று நினைத்துக்கொள்பவர்கள். ஒருமுறை அவர்கள் டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரமாக இருக்கும் பாரக்கூம் கிராமத்துப் பழைய தேவாலயத்தின் கதையைக் கேட்கட்டும். செயின்ட் பெட்ரோக் தேவாலயம் என்று பெயர்.

வெளியே நின்று பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மத்தியகாலத்துக் குட்டைக் கோபுரம், கல்சுவர், அவ்வளவுதான். கதவைத் திறந்தால்தான் விஷயமே! உயரமான மரத்தடுப்பும் சின்னக் கதவும் வைத்து, பெட்டி பெட்டியாக இருக்கைகள். சபை அமரும் இடத்துக்கும் பீடத்துக்கும் நடுவே ஒரு மரத்தட்டி. அதற்கு மேலே முழுக்கப் பலகையடைப்பு. அந்தப் பலகையில் அரச சின்னம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தரின் ஜெபம். பின்பக்கம் வாத்தியக்காரர்களின் இடம். பாஸ் வயல் வாசித்தவரின் வில் இடிக்கக்கூடாது என்று ஒரு இருக்கைப் பலகையை வெட்டியே விட்டிருக்கிறார்கள்... ஆர்கன் வருவதற்கு முன்னால் கிராமத்துப் பாட்டு எப்படி நடந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

18ஆம் நூற்றாண்டில் இதெல்லாம் சாதாரணக் காட்சி. பிறகு அதை அழித்தது யார்? காலமா, மழையா? இல்லவே இல்லை. கூட்டமும் பணமும் இருந்த சபைகள்தான்! 1839இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம், மத்தியகால கோதிக் பாணியே சரியான பாணி என்று ஓயாமல் பிரசாரம் செய்தது. 'புதுப்பிக்கிறோம்' என்று ஊர் ஊராகப் பெட்டி இருக்கைகளைப் பிடுங்கினார்கள், பலகையடைப்புகளை இறக்கினார்கள். பொறுக்கமுடியாமல்தான் வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தையே ஆரம்பித்தார்.

பாரக்கூமில் 1878இல் ஊருக்குள் வேறு தேவாலயம் எழும்பியது. பழையதை இடிக்கப் பார்த்தார்கள். ஜான் ரஸ்கின் போன்றவர்கள் எதிர்த்ததால் பிழைத்தது. ஊரின் பணமும் கவனமும் புதியதற்குப் போய்விட்டன. பழையதைப் 'புதுப்பிக்க' யாருமில்லை. பயன்படாமல் கிடந்ததுதான் அதைக் காப்பாற்றியது!

செலவு பொய் என்று யாரும் சொல்லவில்லை. 1969இல் ஏற்பட்ட நிதியம், இப்போது தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெயரில், 350க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட கட்டடங்களைப் பராமரிக்கிறது. பாரக்கூமும் அதில் ஒன்று. அரசும் திருச்சபையும் பணம் தருகின்றன. கணக்குப் புத்தகத்தில் இது வரவில்லாச் செலவு, வாஸ்தவம். (தேய்மானம் கழித்தே பழகிய கண்ணுக்கு, வயது ஏற ஏற மதிப்பு ஏறும் சொத்து பிடிபடாது.)

உள்ளே எல்லாம் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்ட தேவாலயம் என்றால் வீடாகட்டும், நூலகமாகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பாரக்கூம் போன்ற ஒன்றை வீட்டுக்காக வாங்குபவர் முதல் நாளே எதைக் கழற்றி வெளியே போடுவார்? வில்லுக்காக வெட்டிய அந்தப் பலகையைத்தான்.