எத்தனை வாட்? எந்த இடம்?

ஹோம் தியேட்டர் அமைப்போர் முதலில் கேட்பது, “எத்தனை வாட் சப்-ஊஃபர் வாங்கலாம்?” என்பதே. “அதை எங்கே வைக்கலாம்?” என்று கேட்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

காரணம், நீங்கள் பாடத்தில் படித்த நிலை அலைகளே. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 344 மீட்டர். ஆகவே 34 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலைநீளம் ஏறத்தாழ 5 மீட்டர். அறையின் நீளமும் 5 மீட்டரானால், அவ்வொலி இரு கோடிச் சுவர்களருகே ஓங்கி ஒலிக்கும். நடுவில் அமர்ந்தவருக்கு அநேகமாகக் கேளாது. கூடுதல் வாட் இக்குறையைத் தீர்க்காது. பெட்டியை மூலையில் வைத்தாலோ நிலை அலைகள் அனைத்தும் கிளர்ந்தெழும். சில சுரங்கள் மட்டும் ‘தொம்’மென்று முழங்கும்.

வழி எளிது. பெட்டியை நீங்கள் அமரும் இருக்கையில் வைத்து, தாழ்ந்த சுரங்கள் நிறைந்த இசையை ஒலிக்க விடுங்கள். சுவரோரம் தவழ்ந்து கேளுங்கள். எங்கே சுரங்கள் சீராகக் கேட்கின்றனவோ, அங்கே பெட்டியை வையுங்கள். ஒலி மூலமும் செவியும் இடம் மாறினாலும் விளைவு மாறாது என்பது, ரேலே 1877இல் தம் ஒலியியல் நூலில் விளக்கிய தத்துவம்.

இன்னும் செலவிட இயலுமா? பெரிய பெட்டி ஒன்றைவிட, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் சிறிய பெட்டிகள் இரண்டு மேல். கடைக்குப் புறப்படுமுன் அளவு நாடாவை எடுங்கள்!