நடையும் வேண்டும், எடையும் வேண்டும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், ஓய்வூதியம் பெறும் பெரியோர் ஆயுள் சான்றிதழ் அளிப்பதற்காக நம் கிளைகளுக்கு வருகின்றனர். கைப்பேசி வழியாகவே சான்றளிக்கும் வசதி வந்துவிட்ட பின்னும், நேரில் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவதையே பலர் விரும்புகின்றனர். நாள்தோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள் அவர்களுள் உண்டு. கிளைக்கே நடந்து வருபவர்களும் உண்டு. எனினும், பெயர் அழைக்கப்பட்டதும் நாற்காலியிலிருந்து எழுவதற்கு அவர்களுள் சிலர் இரு கைகளையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு மூச்சு வாங்குவதில்லை. கால்தான் தூக்க மறுக்கிறது. மறுபுறம், உடற்பயிற்சிக் கூடத்தில் புயம் பருக்க எடை தூக்கும் நம் இளம் அலுவலர்கள், மின்தூக்கி பழுதான நாளில் மூன்று மாடி ஏறி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைப்பதையும் காண்கிறோம்.

இரு சாராரும் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர். தம் சேமிப்பு முழுவதையும் ஒரே கணக்கில் இட்டவர்கள், அவ்வளவே.

நாற்பதைக் கடந்த நம்மைப் போன்றோர் உடற்பயிற்சி என்றாலே நடைப்பயிற்சி என்று கருதிவிட்டோம். மருத்துவர் 'நடங்கள்' என்கிறார், நாமும் நடக்கிறோம். அது நன்றே. ஆனால் அது பாதிதான். உலக நலவாழ்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான இதயப் பயிற்சி வேண்டும் என்பதோடு நில்லாமல், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் முக்கியத் தசைகள் அனைத்தையும் வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் வரியை நாம் படித்தோம்; இரண்டாம் வரியை விட்டுவிட்டோம்.

வணிகவியல் பயின்றோருக்குத் தேய்மானம் புதிதன்று. இயந்திரம் பெரும்பாலும் ஓட ஓடத் தேய்கிறது. தசையோ இதற்கு நேர்மாறானது. ஓடாமல் வைத்தால்தான் விரைந்து தேய்கிறது. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அறுபதுக்குப் பின் அது இன்னும் விரைவுபடுகிறது. இந்தத் தேய்மானத்திற்கு ஈடு வைக்கும் ஒதுக்கீடே தசைப் பயிற்சி.

"இந்த வயதில் அஞ்ச வேண்டியது மாரடைப்பை அல்லவா? புயவலு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதயத்திற்கான பயிற்சியைக் குறைக்குமாறு நாம் சொல்லவில்லை. ஆனால், உண்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும் பங்கை ஏற்றுக்கொள்வது தசையே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ள நம் நாட்டில், தசை என்பது வெறும் அழகுப் பொருளன்று.

இளைஞரின் அச்சம் வேறு: ஓடினால் சேர்த்த தசை கரைந்துவிடுமோ என்பது. இதற்கும் ஓரளவு அடிப்படை உண்டு. 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பத்து வாரங்கள் வலுப்பயிற்சியையும் தாங்குதிறன் பயிற்சியையும் ஒருசேர மேற்கொண்டவர்களின் வலு இறுதி வாரங்களில் பின்னடைந்ததைக் கண்டார். ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் எடை தூக்கி, ஆறு நாள் கடுமையாக ஓட்டமும் மிதிவண்டியும் பயின்றவர்கள். அந்த அளவுக்கு நம்மில் எவரும் போகப் போவதில்லை. மிகையாக ஓடி, குறைவாக உண்டால்தான் உடல் முதலில் கைவைக்கும்.

இரண்டும் இணையும் என்பதற்குக் கோலாப்பூரின் தாலீம்களே சான்று. அங்கே மல்லர்கள் விடியுமுன் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, செம்மண் களத்தைக் கொத்திப் புரட்டி, ஓடியும் பழகுகின்றனர். பிடிக்கு வலு வேண்டும். இறுதி நிமிடம் வரை நிற்க மூச்சு வேண்டும். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கத்தைத் தந்த கே. டி. ஜாதவ் அம்மண்ணில் பயின்றவரே.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி விரைநடை. அதுவே 150 நிமிடம். இடைவெளி விட்டு இரண்டு நாள் இருபது நிமிட வலுப்பயிற்சி: நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தண்டால், சிறு எடை தூக்கல். இரண்டும் ஒரே வேளையில் அமைந்தால், தசை சேர்க்க விரும்புவோர் வலுப்பயிற்சியை முதலில் முடிப்பது நன்று. எளிதாகிவிட்டால் அளவைச் சிறிது கூட்ட வேண்டும். மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுவலி உள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

உணவும் கணக்கில் வர வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம். ஒரு முட்டையிலோ ஒரு குவளைப் பாலிலோ கிடைப்பது 6 கிராம் அளவே. சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பையும் சுண்டலையும் கூட்டினால் பெரும்பகுதி ஈடாகிவிடும்.

ஓய்வுக் காலத்திற்கென மாதந்தோறும் பணம் சேர்க்குமாறு வாடிக்கையாளர்களுக்கு நாம் ஓயாமல் எடுத்துரைக்கிறோம். அந்தப் பணத்தைப் பெற எழுந்து வரும் கால்களுக்கும் ஒரு சேமிப்பு வேண்டும் அல்லவா? நமக்கும் ஒரு நவம்பர் வரும். அன்று பெயர் அழைக்கப்படும்போது கை ஊன்றாமல் எழுந்து நிற்க விரும்பினால், முதல் தவணையை இந்த வாரமே செலுத்திவிடுவோம்.