விதியா, கொழுப்பா?

பத்து வயதுப் பிள்ளை மாரடைப்பால் மாண்டால், "விதி" என்று சொல்லி வாயை மூடிக் கொள்வது சுலபம். அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து வைத்தியர்களாகிய பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்னும் இருவர் அப்படிச் சும்மா இருக்கவில்லை. இவ்வியாதியுள்ள பிள்ளைகளின் தோலிலிருந்து ஜீவ அணுக்களை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 1974-ல் உண்மை வெளியாயிற்று. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து வரும் எல்.டி.எல். என்னும் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் நம் அணுக்களில் உண்டு. இப்பிள்ளைகளுக்கு அவை பழுது. எடுப்பாரற்ற கொழுப்பு இரத்தக் குழாயில் படிந்து வழியை அடைத்தது. அப்பழுது தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்ததேயொழிய முன்ஜென்ம வினையால் வந்ததல்ல. 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆதலால், ஒரு வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தால் மற்றவர்கள் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். இன்று அதற்கு மருந்து இருக்கிறது. தோழர்களே! காரணம் தேடினவன் உயிரைக் காப்பாற்ற வழி கண்டான். விதி என்றவன் யாரைக் காப்பாற்றினான்?