எமது சோற்றுக் கோப்பையை நாமே அளப்போம்

மீள்குடியேறிய கிராமமொன்றில், நீரிழிவுக் கிளினிக்குக்குப் போய்த் திரும்பிய தாய் ஒருவர் எம்மிடம் சொன்ன வார்த்தைகள் இவை: "சுவாமி, இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில ஒருநேரக் கஞ்சிக்கும் வழியில்லாமல் பிள்ளையளோட இருந்தனாங்கள். இப்ப ஏதோ சோறு இருக்கு. டொக்ரர் சாப்பாட்டைக் குறையுங்கோ எண்டுறார். இதென்ன நியாயம்?"

அவருடைய கேள்விக்கு அன்று எம்மால் உடனே விடை கூற முடியவில்லை. பசி என்ன என்பதைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர் அவர். உடலால் அறிந்தவர். அப்படிப்பட்டவரிடம் போய் "உணவை அளந்து உண்ணுங்கள்" என்று சொல்வது எளிதல்ல. ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஏனெனில், குண்டுக்கும் பட்டினிக்கும் தப்பி வந்த எம்மவர் பலர், இன்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் தப்ப முடியாமல் இருக்கின்றனர்.

மற்றவர்கள் எண்ணிய கலோரி

கலோரி என்ற சொல் படித்தவர்களுக்கும் பட்டினத்தாருக்கும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. எமது கோப்பைகளில் கலோரி எண்ணப்பட்டே வந்திருக்கிறது. ஆனால் எண்ணியவர்கள் நாமல்லர்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து வந்தவர்கள், அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 இல் வலிகாமத்தையே விட்டு நடந்தவர்கள், 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்கள் என எல்லோரும் நிவாரண அட்டையைக் கையில் பிடித்தவர்களே. அவசர காலத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2100 கலோரி என்பது, உதவி நிறுவனங்கள் திட்டமிடுவதற்கு வைத்திருக்கும் அளவு. குழந்தையும் கிழவரும், வேலை செய்பவரும் செய்யாதவரும் எல்லோரும் சேர்ந்த ஒரு கூட்டத்துக்கான சராசரி அது. அதை நிரப்ப அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவை வந்தன. பழுதாகாதவை, லொறியில் ஏற்ற இலகுவானவை, வயிற்றை நிரப்புபவை. பல வேளைகளில் அந்த அளவுகூட வந்து சேரவில்லை என்பது அட்டை வைத்திருந்தோருக்குத் தெரியும்.

அந்த உணவை நாம் குறை கூறவில்லை. உயிரைக் காத்தது அது. ஆனால் உயிர் காக்க வந்த உணவு, காலப்போக்கில் எமது அன்றாட உணவாகிவிட்டது. காலையில் மா ரொட்டி, இரவில் மாப் புட்டு, இடையிடையே சீனி போட்ட தேநீர் என்று பழகிவிட்டோம். குரக்கன், சாமை, பயறு, ஒடியல், இலைக்கஞ்சி என்பவை ஓரத்துக்குப் போயின. மறுபுறம், தோட்டம் கொத்தி, துலா மிதித்து, மைல்கணக்கில் நடந்த உடலுக்கு இன்று அந்த வேலை இல்லை. காணி திரும்பக் கிடைக்காதவர்களும், கிடைத்தும் செய்கை பண்ண வசதியில்லாதவர்களும் வீட்டோடு இருக்கின்றனர். செலவு குறைந்துவிட்டது. வரவு அப்படியே இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கு

கமக்காரருக்குக் கணக்குப் புதிதல்ல. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எத்தனை போத்தல் எண்ணெய் விட்டால் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று அவருக்குத் தெரியும். உணவு உடலுக்கு விடும் எண்ணெய். அதை அளக்கும் அலகே கலோரி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இயந்திரத்தின் தாங்கி நிரம்பினால் மிச்சம் வழிந்துவிடும். உடல் மிச்சத்தை வழியவிடாது. கொழுப்பாக மாற்றி வயிற்றிலும் இடுப்பிலும் சேமித்து வைக்கும். பஞ்சத்துக்கென்று வைக்கும் சேமிப்பு அது.

மனதில் வைக்க வேண்டியவை சில எண்கள்தான். ஒரு கிராம் மாப்பொருள் அல்லது சீனியில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்தில் 4. ஒரு கிராம் கொழுப்பில் 9. சாராயம் குடிப்போர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: ஒரு கிராம் மதுசாரத்தில் 7. இவற்றிலிருந்து வீட்டுக் கணக்கு வரும். சமைக்காத அரிசியோ கோதுமை மாவோ பருப்போ 100 கிராம் என்றால் ஏறத்தாழ 350 கலோரி. தேங்காய்ப்பூ 100 கிராமிலும் ஏறத்தாழ அதேயளவு. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 120. சற்றுக் குவித்து அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனியில் 20.

இனி, வீட்டோடு இருக்கும் ஐம்பது வயதுத் தாய் ஒருவரின் ஒருநாளை எடுப்போம். காலையில் 100 கிராம் மாவும் 50 கிராம் தேங்காய்ப்பூவும் சேர்ந்த ரொட்டி: 525. மதியம் 150 கிராம் அரிசிச் சோறு 525, பருப்பு 105, பொரிக்கவும் தாளிக்கவும் எண்ணெய் 120, கறிகளில் தேங்காய்ப்பால் 100, ஆக 850. இரவு காலையைப்போல் மாவும் தேங்காய்ப்பூவும் போட்ட புட்டு: 525. ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி: 200. கூட்டினால் 2100. நிவாரணம் கணக்கிட்ட அதே எண்!

ஆனால் அந்த வயதில், பாரமான வேலை இல்லாத, உயரம் குறைந்த ஒரு பெண்ணுக்கு 1600 முதல் 1800 வரை போதும். ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கலோரி மிச்சம். இவ்வளவுக்கும் அந்தத் தாய் வயிறு புடைக்க உண்டவர் அல்லர். பேராசைக்காரியும் அல்லர். மிச்சம் வந்த இடத்தை அவர் காணவில்லை, அவ்வளவுதான்.

எங்கே குறைப்பது?

சோற்றைத் தொடாமலே பெரும்பகுதியைக் குறைக்கலாம் என்பதே எமது கருத்து. பத்துக் கரண்டிச் சீனியை மூன்றாக்கினால் 140 குறையும். எண்ணெயைப் பாதியாக்கினால் 60. ஒருவேளை உணவில் தேங்காய்ப்பூவைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 90. இரவு மாவில் 30 கிராமைக் குறைத்து, அந்த இடத்தை முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரையால் நிரப்பினால் 105 குறைந்து, கீரைக்குச் சிறிதளவே கூடும். எல்லாம் சேர்த்து 400 கலோரிக்குக் கிட்ட வந்துவிட்டது. மதியச் சோற்றில் ஒரு பிடியும் குறையவில்லை. நீரிழிவு உள்ளவர் சோற்றின் அளவையும் கவனிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்வது சரியே. ஆனால் தொடக்கம் சீனிப் போத்தலிலும் எண்ணெய்ப் போத்தலிலும் இருக்கட்டும்.

சீனியைப் பற்றி இன்னுமொரு வார்த்தை. ஒருநாள் உணவின் மொத்தக் கலோரியில் பத்திலொரு பங்குக்கு மேல் சேர்த்த சீனியிலிருந்து வரக்கூடாது என்று 2015 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. 2000 கலோரிக்கு அது 50 கிராம். மேலே சொன்ன ஐந்து தேநீரே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. பிறகு வரும் பிஸ்கற்றும் சோடாவும் எல்லைக்கு வெளியே. எமது நாட்டில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் நிறம் பார்த்து அறியலாம். விருந்தாளிக்குச் சோடா உடைப்பதை மரியாதை என்று எண்ணும் நாம், ஒரு இளநீரோ தேசிக்காய்த் தண்ணீரோ கொடுத்தால் மரியாதை குறைந்துவிடாது.

ஒரு கொப்பியும் ஒரு நூலும்

கணக்கு வைப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டுச் சுண்டை எடுத்துச் சென்று, அதில் கொள்ளும் அரிசியையும் மாவையும் சங்கக்கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அதன்பிறகு அந்தச் சுண்டே உங்கள் தராசு. பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் ஏழு நாட்களுக்கு, வாயில் போட்ட அனைத்தையும் எழுதுங்கள். பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்காமல் தாய் சாப்பிட்டதையும் எழுத வேண்டும். ஏழாம் நாள் பிள்ளையைக் கூட்டச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

நூல் ஒன்றால் தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி அளவுங்கள். ஆசிய நாட்டவருக்குப் பெண்ணாயின் 80 சென்ரிமீற்றர், ஆணாயின் 90 சென்ரிமீற்றர் என்பது எச்சரிக்கை எல்லை. கிலோ கணக்கிலான நிறையை மீற்றர் கணக்கிலான உயரத்தால் இருமுறை வகுத்தாலும் ஓர் எண் வரும். எம்மவருக்கு அது 23 ஐத் தாண்டினால் கவனம் தேவை. 150 சென்ரிமீற்றர் உயரமும் 60 கிலோ நிறையும் உள்ளவருக்கு அந்த எண் ஏறத்தாழ 27. அவர் ஒரேயடியாக எட்டுக் கிலோவைக் குறைக்க வேண்டியதில்லை. முதல் மூன்று கிலோ குறைந்தாலே இரத்தத்தில் சீனியும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி உண்டு. தினம் 400 குறைத்தால் இருபது நாளில் ஒரு கிலோ என்று கணக்குச் சொல்லும். உடல் அவ்வளவு நேராக நடப்பதில்லை. நிறை குறையக் குறைய அதன் செலவும் குறையும், இறங்கிய முள் சில கிழமைகள் அசையாமலும் நிற்கும். மனம் தளர வேண்டாம். வேளை உணவைத் தவிர்ப்பதும் பட்டினி கிடப்பதும் வழியல்ல. பட்டினியின் பின் உடல் கேட்கும் உணவு எவ்வளவு என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?

யார் குறைக்கக் கூடாது?

இதைத் தடித்த எழுத்தில் வாசியுங்கள். வளரும் பிள்ளை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், நோயால் மெலிந்தவர், நாள் முழுவதும் வயலில் பாடுபடுபவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கில்லை. ஒரே கூரையின் கீழ் தாய் பருத்தும் பிள்ளை மெலிந்தும் இருக்கும் வீடுகள் எம்மிடையே உண்டு. தாயின் கோப்பையில் குறையும் எண்ணெய், அந்தப் பிள்ளையின் கோப்பைக்குப் போகட்டும். முட்டையும் மீனும் பயறும் அவனுக்கே முதலில். இன்சுலின் ஊசியோ நீரிழிவுக் குளிசையோ எடுப்பவர், வைத்தியரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும்.

இன்னொரு செய்தியும் எம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி முற்றுகையில் சிக்கி, பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. அப்போது தாய்வயிற்றில் இருந்த பிள்ளைகளை, அவர்களின் ஐம்பதாவது வயதளவில் வைத்தியர்கள் பரிசோதித்தபோது, இரத்தத்தில் சீனியைச் சமாளிக்கும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருக்கக் கண்டனர். கருவில் பசி அறிந்த உடல், பின்னர் வரும் மிகுதியைத் தாங்குவதில்லை. எமது இடம்பெயர்வுக் காலத்தில் கருவான பிள்ளைகள் இன்று இளைஞர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கைக் கற்றுக் கொடுப்பது அவசரமான காரியம்.

எமக்கும் ஒரு சொல்

உதவி செய்வோராகிய நாமும் குற்றமற்றவர் அல்லர். எத்தனை மூடை கொடுத்தோம் என்று அறிக்கை எழுதினோம். மூடைக்குள் என்ன இருந்தது என்று போதியளவு கேட்கவில்லை. இன்றும் வெள்ளம் வந்தால் நாம் கட்டும் பொதியில் சீனியும் மாவும் நூடில்சும் பிஸ்கற்றுமே முந்துகின்றன. முதல் மூன்று நாட்களுக்கு அது சரியாக இருக்கலாம். நான்காம் நாளிலிருந்து பயறும் கடலையும் குரக்கனும் நெத்தலியும் பொதிக்குள் வரவேண்டும். அவற்றை அயற்கிராமத்துக் கமக்காரரிடமும் மீனவரிடமும் வாங்கினால், ஒரு காசில் இரண்டு குடும்பம் வாழும். கீரை விதையும் முருங்கைத் தடியும் கொடுப்பதும் நிவாரணமே. காணி திரும்பக் கிடைப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து. உழைக்கும் நிலம் உள்ளவனுக்கு உடற்பயிற்சி வகுப்புத் தேவையில்லை.

அந்தத் தாயிடம் மீண்டும் போனோம். "அம்மா, உங்கட சோற்றை ஒருவரும் பறிக்க வரேல்லை. சீனிப் போத்தலைத்தான் கேட்கிறம்" என்றோம். சிரித்தார். அப்போதும் தேநீர் தந்தார். சீனி அரைக் கரண்டிதான். எமக்கு அது கசந்தது என்பதை ஒளிக்க மாட்டோம். ஆனால் குடித்தோம். ஒரு காலத்தில் எமக்கு எவ்வளவு உணவு என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். இன்று அகப்பை எமது கையில் இருக்கிறது. அதை அறிந்து பிடிப்போம்.