வரம்பு 300, இனி சங்கம்தான்

புதுக்கோட்டை சிப்காட்டில் இருப்பவை பெரும்பாலும் சிறு, நடுத்தர ஆலைகள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, 300 பேருக்குக் குறைவான ஆலைகள் ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி பெறத் தேவையில்லை. முன்பு மத்தியச் சட்டத்தில் இந்த வரம்பு 100. ஆக, தொழிலாளிக்கு மிஞ்சியிருப்பது சங்கம்தான்.

சட்டப்படியான இழப்பீடு பணியாண்டுக்கு 15 நாள் ஊதியம். 2022-ல் மூடப்பட்ட மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலோ, வேலைநிறுத்தத்துக்கும் பல சுற்றுப் பேச்சுக்கும் பிறகு முடிவான தொகை 100 நாளைத் தாண்டியது. (சங்கத்துக்கு வெளியே நிறுத்தப்படும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தப் பேரமும் வாய்ப்பதில்லை.)

கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. வாசலில் கொடியேற்றுவதோடு நிற்காமல், பணிமூப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கும் வேலையைச் சங்கங்கள் இப்போதே தொடங்க வேண்டும்.