தெரு ஏறுகிறது, வீடு இறங்குகிறது
பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், கொரட்டூர், மடிப்பாக்கம் பக்கம் உள்ள பழைய தெருக்களில் இன்னமும் தனி வீடுகள் மிச்சமிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கேட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு படி இறங்க வேண்டும். கட்டிய காலத்தில் அதே வீட்டுக்கு மூன்று படி ஏறித்தான் போனார்கள். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் வாசலில் போகும் சாலைதான், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிட்டது.

கணக்கு எளிது. சுற்றியுள்ள தரையைவிட வீட்டின் பேஸ்மட்டம் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஒன்றரை அடி. தார்ச்சாலையின் மேல் அடுக்கு பொதுவாக 4 சென்டிமீட்டர். அதற்கு அடியில் இன்னொரு 5 சென்டிமீட்டர் கலவை போட்டால் மொத்தம் 9. பழையதைச் செதுக்காமல் ஐந்து முறை இப்படிப் போட்டால், விதிப்படி கட்டிய வீட்டின் ஒன்றரை அடியும் காலி. சந்துகளில் போடும் கான்கிரீட் சாலை இன்னும் வேகமாக வேலையை முடிக்கிறது: பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே கொட்டினால் ஒரே வாரத்தில் அரையடி ஏறிவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் இந்தக் கணக்கு வீட்டுக்குள் நுழைகிறது. தெருத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து, முதலில் சம்ப்பின் மூடி இடுக்கு வழியாகக் குடிநீரில் கலக்கும். சாலையோடு சேர்த்துப் பாதாளச் சாக்கடையின் மேன்ஹோலையும் உயர்த்திவிட்டதால், கழிவுநீர் நிரம்பும்போது தெருவில் வழிவதற்குப் பதில், தாழ்வாக இருக்கும் வீட்டுக் கழிவறை வழியாக மேலே வரும். முட்டளவு உயரத்தில் மாட்டிய மின் இணைப்புப் பெட்டி இருந்தால், தண்ணீர் வடியும்வரை மெயினை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் காத்திருக்க வேண்டியதுதான். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் யாரும் மறக்கவில்லை. ஆனால் அவை பெருவெள்ளங்கள். இங்கே பேசுவது, ஐந்து சென்டிமீட்டர் மழைக்கே வீட்டுக்குள் பக்கெட்டும் துடைப்பமுமாக நிற்பவர்களைப் பற்றி.

இதற்கு வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் வழிதான் ஜாக்கி. வீட்டைச் சுற்றிலும் உட்புறச் சுவர்களின் ஓரமாகவும் பள்ளம் தோண்டுகிறார்கள். சுவரின் அடிப்பகுதியை ஓர் அடி, இரண்டு அடியாக உடைத்தெடுத்து, அந்த இடைவெளியில் இரும்புச் சேனலைச் செருகி, அதற்குக் கீழே லாரிக்கு வைப்பது போன்ற திருகு ஜாக்கிகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். நடுத்தர அளவு வீட்டுக்கே நூற்றுக்கு மேல் ஜாக்கி தேவைப்படும். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருகுகிறார்கள். முழு வீடும் நூலளவு மேலே வருகிறது. மூன்று, நான்கு அடி தூக்கியபின் இடைவெளியைச் செங்கல்லால் கட்டி, உள்ளே மண் நிரப்பி, தரையை முதலிலிருந்து போட வேண்டும். ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் இதில் கைதேர்ந்தவை. பார்க்க வித்தை போலிருந்தாலும், ஆபத்து இல்லாத வேலை அல்ல. 2022 ஆகஸ்டில் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் இப்படித் தூக்கிக்கொண்டிருந்த வீட்டின் சுவர் இடிந்து வடமாநிலத் தொழிலாளி ஒருவர் இறந்தார்.

லட்சக்கணக்கில் செலவழித்து வீட்டைத் தூக்கியவர், ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதியை இழந்தவராக இருக்கலாம். அவர் வாங்கியது புதிதாக ஒன்றும் இல்லை. முன்பு இருந்த உயரத்தைத்தான் காசு கொடுத்துத் திரும்பப் பெற்றிருக்கிறார். சாலை மறுபடியும் ஏறாது என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

வீட்டைத் தூக்க வசதி இல்லாதவர்கள் வாசலில் செங்கல் தடுப்பு கட்டுகிறார்கள், வண்டி ஏறி இறங்கச் சாய்தளம் போடுகிறார்கள். சாய்தளம் சாலைக்கோ மழைநீர் வடிகாலின் மேலோ நீண்டால் அது ஆக்கிரமிப்பு, மாநகராட்சி இடித்துவிடும். விதி சரிதான். ஆனால் சாய்தளத்துக்கான தேவையை உண்டாக்கிய சாலை யாருடையது என்று இடிக்க வரும் ஊழியரிடம் கேட்டால், அவரால் என்ன சொல்ல முடியும்?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலைமை வேறு மாதிரி. தொண்ணூறுகளில் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்துக்கு ஜாக்கி வைக்கச் சம்மதம் வாங்குவதே பெரும்பாடு. தரைத்தளத்துக்காரர் வாகன நிறுத்தத்தை உயர்த்தி, சம்ப்பை இடம் மாற்றி, வெள்ளநீரை இறைக்கத் தனி மோட்டார் போடச் சொல்வார். “எங்களுக்கு எதற்கு?” என்பார் இரண்டாம் மாடிக்காரர். சங்கக் கூட்டம் சண்டையில் முடியும். விற்றுவிடலாம் என்று தரகரைக் கூப்பிட்டால், வீடு வாங்க வருபவர் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் வாசலில் நின்று சாலையையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். விலை அங்கேயே இறங்கிவிடுகிறது.

இதைத் தடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் புதிய தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரக்கூடாது என்று தெளிவாக அறிவுறுத்தினார். பேருந்து ஓடும் பெரிய சாலைகளில் மில்லிங் இயந்திரம் பல் பதித்த உருளையால் தாரைச் செதுக்கி லாரியில் கொட்டுவதைப் பார்க்க முடிகிறது. உட்புறத் தெருக்களுக்கு வரும்போதுதான் காரணங்கள் முளைக்கின்றன: தெரு குறுகல், இயந்திரம் திரும்பாது, குழாய் அடிபடும், வேலை இரவோடு இரவாக முடிய வேண்டும். அரை மீட்டர் அகலத்துக்குச் செதுக்கும் சிறிய இயந்திரங்கள் இருக்கின்றன. செதுக்கிய தாரையும் ஜல்லியையும் மறுபடி கலவையில் சேர்க்கலாம் என்பதும் பொறியாளர்களுக்குப் புதிதல்ல. மாநகராட்சியின் பொறுப்பிலுள்ள உட்புறச் சாலைகளின் நீளமோ 5,000 கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பாலானவர்களின் வீடு இருப்பது அங்கேதான்.

மழைநீர் வடிகால்களுக்கு அண்மை ஆண்டுகளில் பெரும் பணம் செலவாகியிருக்கிறது. 2021 வெள்ளத்துக்குப் பின் வெ. திருப்புகழ் தலைமையில் அமைந்த குழுவும் 2023-இல் இறுதி அறிக்கையைக் கொடுத்துவிட்டது. பல தெருக்களில் தண்ணீர் முன்பைவிட வேகமாக வடிவதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் வடிகாலின் வாய் சாலை மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் வீட்டு முற்றத்தின் தண்ணீர் மோட்டார் இல்லாமல் அதில் ஏறாது.

ஆணையர் அவர்களே, தரைத்தளக் குடியிருப்போர் கேட்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு தெருவுக்கும் எழுத்தில் ஒரு மட்டம்.

தெருவின் இரு முனைகளிலும், அசையாத இடத்தில், சாலையின் அனுமதிக்கப்பட்ட உயரத்தைக் காட்டும் குறிக்கல் பதிக்கப்பட வேண்டும். சாலை போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவுகள் எம்-புக் எனும் அளவுப் பதிவேட்டில் ஏற வேண்டும். பின்னளவு குறிக்கல்லைத் தாண்டினால் ஒப்பந்ததாரரின் பில் பாஸாகக் கூடாது. கட்டட அனுமதி வரைபடத்திலும் அந்த எண் இடம்பெற வேண்டும். அப்போதுதான் புது வீடு கட்டுபவர் எதற்கும் இருக்கட்டும் என்று நான்கடி உயர்த்தி, பக்கத்து வீட்டைக் குளமாக்கமாட்டார். இதைச் சரிபார்க்கப் பெரிய கருவிகூட வேண்டாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குறிக்கல்லிலும் மறுமுனையைச் சாலையின் நடுவிலும் பிடித்தால், ஏற்ற இறக்கத்தை எந்தக் கொத்தனாரும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

2022-இல் சொத்து வரி திருத்தப்பட்டபோது, பழைய சென்னை எல்லைக்குள் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 75 விழுக்காடும் உயர்ந்தது. வரியைக் கணக்கிட வீட்டின் பரப்பளவை அடி சுத்தமாக அளந்து பதிந்து வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு, வாசலில் உள்ள சாலையின் உயரத்தையும் பதிந்து வைப்பது கைக்கெட்டாத வேலை அல்ல.

அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று நகர்ப்புறங்களில் பகுதி சபா கூட்டங்கள் நடந்தன. தொடங்குவதற்கு அதுவே நல்ல இடம். ஒவ்வொரு மண்டலத்திலும் தாழ்வான ஒரு வார்டைத் தேர்ந்தெடுத்து, அடுத்த சாலைப் பணிக்கான டெண்டர் கோருவதற்கு முன், அங்குள்ள தெருக்களின் மட்டப் பட்டியலை அந்தந்தப் பகுதி சபாவில் வாசிக்க உத்தரவிட வேண்டுகிறோம். பட்டியலின் நகல் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்ட பிறகே அந்த வார்டில் தார் லாரி நுழைய வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
சென்னைத் தரைத்தளக் குடியிருப்போருக்காக